ஜெரோமும் நானும் தேடிய கிராபிக்ஸ் கார்டு

ஜெரோம் போய்விட்டான்.

காலையில் நான் ஷிப்டுக்குக் கிளம்பும்போது அவன் தம்பி போன் செய்தான். நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தானாம்... ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பது வயசு தாண்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

இங்கே ஃபேஸ்புக்கில் இருக்கும் நண்பர்களில் பாதிப் பேருக்கு அவனைத் தெரிந்திருக்காது. நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் செக்‌ஷனில் என்னோடு வேலை பார்த்தவன், குள்ளஞ்சாவடிக்காரன்.

2015ல் மழையில் டியூட்டி முடிந்து வரும்போது பைக் சறுக்கி என் வலது தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். குவார்ட்டர்ஸ் முன்னறைக் கட்டிலில் மாசக்கணக்கில் கிடந்தேன்.

முதலில் தினமும் யாராவது ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள். அப்புறம் குறைந்துபோனது... அவரவர்க்கு ஷிப்டு, பிள்ளைகள். குறை சொல்ல முடியாது.

நான் பேச்சையே நிறுத்திவிட்டேன். டிவி போட்டால் அணைக்கச் சொல்வேன், சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிடுவேன்.

ஜெரோம் மட்டும் ஒவ்வொரு வீக்லி ஆஃபுக்கும் வந்தான். ஒரு நாள் என் மனைவி செல்வி அவனை வாசலிலேயே நிறுத்திச் சொன்னது எனக்குக் கேட்டது.

"எந்நேரமும் ஃபேனையே பாத்துக்கிட்டு இருக்காருண்ணே. எனக்குப் பயமா இருக்கு."

உள்ளே வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் துணி போட்டு மூடியிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"மச்சான், காலேஜ்ல நீ கேம் பைத்தியம்னு சொல்லுவல்ல? இதுல ஒரு கிராபிக்ஸ் கார்டு போட்டா இப்ப வர்ற கேமே ஆடலாம்டா."

"எதுக்குடா அதெல்லாம்... சம்பளமே பாதிதான் வருது."

"பெரிய கார்டு இன்னாத்துக்கு? நம்ம வசதிக்கு ஒண்ணு பாப்போம்."

அன்றிலிருந்து அவனுக்கு அதே வேலை. ரிவ்யூ வீடியோவாக அனுப்பித் தள்ளுவான். தொல்லை தாங்காமல் பார்க்க ஆரம்பித்தேன்... அப்புறம் நானே தேட ஆரம்பித்தேன்.

போனில் சண்டை வேறு. பஜாரில் ஒரு கடையில் நாலு ஜிபி கார்டு இருக்கிறதாம், எனக்கு அதுதான் வேண்டும் என்றேன்.

"நாலு ஜிபின்னு டப்பா மேல போட்டுக்கினா ஆச்சா? உள்ள இருக்கறது பழைய ஸ்லோ மெமரிடா. ரெண்டு ஜிபியா இருந்தாலும் ஃபாஸ்ட் மெமரியா பாரு."

அவன் சொன்ன கார்டை நான் வேண்டாம் என்றேன். எங்கள் கம்ப்யூட்டரில் பவர் சப்ளை சின்னது, அது இழுக்கும் கரண்டைத் தாங்காது. கடைசியில் தனியாக பவர் ஒயர் கேட்காத ஒரு ரெண்டு ஜிபி கார்டில் ரெண்டு பேரும் ஒத்துப்போனோம்.

நெய்வேலியில் அது கிடைக்கவில்லை. ஆஃப் நாளில் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தான்.

அன்றைக்கு நல்ல மழை. ஆள் தொப்பலாக நனைந்திருந்தான். கார்டு மட்டும் பாலிதீன் பைக்குள், சட்டைக்குள், பத்திரமாக...

கேபினெட்டைத் திறந்தால் கார்டு நுழையவில்லை! ஹார்டு டிஸ்க் மாட்டும் தகடு குறுக்கே நின்றது. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஆக்ஸா பிளேடு வாங்கி வந்து தகட்டை அறுத்தான். நான் கட்டிலில் இருந்தபடி டார்ச் அடித்தேன்.

"தகட்டப் பாத்து அடிடா... என் மூஞ்சில அடிச்சிகினு இருக்க."

மறுபடி எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டான். ஃபேன் சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

கழற்றி மாட்டினான். அப்பவும் கறுப்பு. ஜெரோம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

டீ கொண்டுவந்த செல்வி குனிந்து கேபினெட்டின் பின்பக்கம் பார்த்தாள்.

"ஏண்ணே, மானிட்டர் வயரு பழைய எடத்துலயே மாட்டியிருக்கே... இத புதுக் கார்டுல மாட்ட வேணாமா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

தொடை வலிக்க வலிக்கச் சிரித்தேன். செல்வி சிரிக்கவில்லை. சமையலறைக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்... நான் சிரித்துப் பார்த்து அவளுக்கு அவ்வளவு நாளாகியிருந்தது.

அப்புறம் தினமும் லாரி ஓட்டும் கேம்தான். முதல் ஷிப்டு முடிந்தால் ஜெரோம் முறுக்குப் பொட்டலத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான்.

கேமில் மழை வந்தால் நான் லாரியை ஓரங்கட்டிவிடுவேன். கை தானாக அப்படிப் போகும். அவன் ஏன் என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை. முறுக்கைக் கடித்தபடி மழை விடும்வரை காத்திருப்பான்.

ஒரு சாயங்காலம் கேமில் மழை வந்தும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே போனேன். அவன் முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தான்... அவ்வளவுதான்.

கால் ஊன்றி நடக்க ஆரம்பித்த பிறகும் பைக்கைத் தொட எனக்குப் பயம். அவனே பின்னால் ஏறி உட்கார்ந்து, "ஓட்டு மச்சான், நானும்தான வரேன். உழுந்தா ரெண்டு பேரும் உழுவோம்" என்றான். எங்கள் பிளாக்கை ஒரு சுற்று சுற்றினோம். இறங்கும்போது எனக்குச் சட்டை முழுக்க வேர்வை, அவனுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்த வாரம் டியூட்டியில் சேர்ந்தேன்.

போன மாசம்தான் அவன் மகள் சர்ச்சில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழா. பந்தியில் செல்வி போதும் போதும் என்றாலும் விடவில்லை. "நம்ம வூட்டு விசேஷம் தங்கச்சி, இன்னொரு கரண்டி வச்சிக்க" என்று பரிமாறிக்கொண்டே இருந்தான்.

நாளைக் காலை குள்ளஞ்சாவடியில் அடக்கம். தெரிந்தவர்கள் வாருங்கள்.

ஜெரோம்... உன்னிடம் ஒருதடவைகூட தேங்க்ஸ் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பாய்.

இப்போது சொல்கிறேன். வந்து அடிடா மச்சான்.