வாயில் முட்டை சுமக்கும் மீன்

அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் கேட்டது, மாடிப்படி எந்தப் பக்கம் என்றுதான். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் வருகைப் பதிவேட்டை என் பக்கம் திருப்பிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"மாடில ஒண்ணும் இல்ல சார். எல்லாம் கீழதான்."

"சும்மா கேட்டேன். மேல கதவு பூட்டியிருக்குமா, தெறந்திருக்குமா?"

"மீனப் பாக்க வந்தீங்களா, மாடியப் பாக்க வந்தீங்களா?"

என் மகள் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அப்பாவைப் பார்த்து வெட்கப்படத் தெரிந்துவிட்ட வயது. அவள் தம்பிக்கு ஏழு. அவன் அதற்குள் சுறாவின் தாடை எலும்புக்கு முன்னால் போய் நின்று, தன் வாயையும் அதே அளவுக்குத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அது 2009ஆம் வருடத் தொடக்கம், ஒரு சனிக்கிழமை. வெள்ளாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில், சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் அந்தக் கட்டடம் இருந்தது. கடல் உயிர்களைப் பற்றிப் படிக்கிறவர்களுக்காகச் சேர்த்து வைத்ததை நம்மைப் போன்றவர்களும் பார்க்கலாம். மகளுக்குப் பள்ளியில் மீன்களைப் பற்றி எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வாரமாக அவள் கேட்டதற்கெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் மனைவிதான் முடிவு செய்தாள்.

சுனாமி வந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த நான்கு வருடமும் பிள்ளைகளைக் கடல் இருக்கும் திசைக்கே நான் கூட்டிப்போனதில்லை. கடலூரில் குடியிருந்துகொண்டு அப்படி இருப்பது சுலபமில்லை. பீச்சுக்குப் போகும் சாலை வந்தால் வண்டியைத் திருப்பிவிடுவேன். புது இடத்துக்குப் போனால் முதலில் மாடிப்படியைத் தேடுவேன். கல்யாண மண்டபத்தில்கூட அப்படித்தான். அன்றும் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து காற்றில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று ஒரு காது வெளியிலேயே இருந்தது.

ஆனால் அன்றைக்கு என்னை நிலைகொள்ளாமல் செய்தது கடல் மட்டும் இல்லை. எங்களோடு நான்காவதாக வந்திருந்த ஆள்.

அவர் எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா. கடலோரக் கிராமம் அவருக்கு. என் வயதுதான் இருக்கும். என் பிள்ளைகளுக்கு அவர் அத்தை. என் மனைவிக்கு அக்கா. மனைவிக்கு அன்று பள்ளியில் வேலை இருந்தது, டீச்சர் அவள். "அக்காவக் கூட்டிட்டுப் போங்க, மீனப் பத்தி அவங்களுக்குத் தெரியாததா, நீங்க என்னத்த சொல்லிக் குடுப்பீங்க" என்று அவள் சொன்னபோது எனக்கு மறுக்க வழி இல்லை. என் மகளின் உயிரைக் காப்பாற்றியவர் அவர். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எப்படிக் காப்பாற்றினார் என்பதுதான் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

சுனாமி வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு வயது மகளை வண்டியில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போய், கரையில் மணல் குவித்து விளையாட விட்டிருந்தேன். கடலிலிருந்து கறுப்பாக ஒன்று எழுந்து வந்தபோது நான் ஓடினேன். தனியாக ஓடினேன். பதற்றம், கால்கள் தாமாக ஓடின என்றெல்லாம் நான் எனக்கே பல முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஓடியது நான்தான். ஐஸ் வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டிய பிறகுதான் என் கை காலியாக இருப்பது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், இடுப்புவரை நனைந்த ஒரு பெண் என் மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார். "ஓடுய்யா, நிக்காத" என்றுதான் கத்தினார். சாலை ஏறிய பிறகுதான் பிள்ளையை என் கையில் கொடுத்தார்.

ஒரு வாரம் கழித்து, பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்க விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடை இல்லாமல் வந்தார். அந்தச் சமயத்தில் ஊரில் யாரும் மீன் வாங்கவில்லை. என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்து, "பாப்பா எப்படி இவங்க கைக்குப் போனா?" என்று கேட்டாள். "கூட்டத்துல நான் கீழ விழுந்துட்டேன். அப்பவே பாப்பாவ இவங்க கையில தூக்கிக் குடுத்துட்டேன்" என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றார்.

அந்த ஒரு சொல்லோடு அவர் நிறுத்திக்கொண்டார். மற்றதை என் மனைவி வளர்த்தாள். உறவினர் வீடுகளில், பள்ளியில், சேத்தியாத்தோப்பில் என் மாமியார் வீட்டில் எல்லாம், தண்ணீரில் விழுந்தும் பிள்ளையைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்த அப்பாவாக நான் ஆனேன். தெருவில் முதன்முதலில் மறுபடியும் மீன் வாங்க ஆரம்பித்ததும் என் மனைவிதான். இரண்டு நாளுக்கு ஒருமுறை அவர் வாசலில் கூடையை இறக்குவார். நான் குளியலறைக்குள் போய்விடுவேன்.

அருங்காட்சியகத்தில் அவர் உற்சாகமாக இருந்தார். கண்ணாடி ஜாடிகள் வரிசை வரிசையாக இருந்தன. மருந்துத் திரவத்தில் மீன்கள் வெளுத்துப்போய் செங்குத்தாக நின்றன.

"இன்னாடி இது, ஊறுகா போட்டு வெச்சிருக்காங்க."

"அத்தை, அது கெட்டுப்போகாம இருக்கறதுக்கு" என்றாள் மகள், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே.

"செவுளப் பாக்காம எப்புடி நம்பறது? ஏன் சார், ஒரு ஜாடியத் தெறந்து காட்ட மாட்டீங்களா?"

மேசைக்காரர் சிரித்துவிட்டார். "தெறந்தா நீங்க வெலை பேசுவீங்க."

"இதுக்கா? இந்த வவ்வா மீன ஓசில குடுத்தாலும் எங்க தெருவுல எவளும் வாங்க மாட்டா."

பிள்ளைகள் அவருடைய இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். திருக்கையின் வாலில் முள் எங்கே இருக்கும், பேத்தை மீன் எப்படிக் காற்றடித்த பந்து மாதிரி உப்பும் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். வெளியே தென்னைகள் அசையாமல் நின்றன. எத்தனை மணிக்கு பஸ் என்று மேசைக்காரரிடம் மூன்றாம் முறை கேட்டேன். அவர் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"அப்பா, இங்க வாங்க. இதப் பாருங்க" என்று மகள் கூப்பிட்டாள்.

ஓர் அகலமான ஜாடிக்குள் ஒரு கெளுத்தி. வாய் திறந்திருந்தது. வாய்க்குள் சின்னக் கோலிக்குண்டு அளவில் வெளுத்த உருண்டைகள் அடைத்துக்கொண்டிருந்தன.

"எல்லாம் முட்டை" என்றார் அத்தை. "இவன் ஆம்பளைக் கெளுத்தி. பொம்பள முட்டையப் போட்டுட்டு அது பாட்டுக்குப் போயிடும். இவன்தான் எல்லாத்தையும் வாயில எடுத்து வெச்சிக்குவான். குஞ்சு வந்து நீந்தற வரைக்கும் ஒண்ணும் துண்ண மாட்டான்."

"தும்மல் வந்தா?" என்று கேட்டான் மகன்.

"மீனுக்கு ஏதுடா தும்மல்?"

"முழுங்கிட்டா?"

"அப்பங்காரன் முழுங்குவானா?"

மகள் எழுதுவதை நிறுத்தாமல், பெரிதாக ஒன்றும் நினைக்காமல் சொன்னாள். "எங்கப்பாவும் இந்த மாதிரிதான் அத்தை. தண்ணில விழுந்தும் என்னைய விடவே இல்ல."

அவர் என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. ஜாடியின் கண்ணாடியில் ஏதோ தூசி இருப்பதுபோல முந்தானையால் துடைத்தார். நான்கு வருடத்துக்கு முன் "ஆமாம்மா" என்றாரே, அதே முகம். இன்னொரு முறை எனக்காக அவர் அந்தச் சொல்லைச் சொல்லப்போகிறார் என்று தெரிந்தது. மகளின் பேனா நோட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்தேன். மீனின் படம் வரைந்து, பக்கத்தில் "அப்பா மீன்" என்று எழுதியிருந்தாள். திங்கட்கிழமை வகுப்பில் எல்லார் முன்னாலும் அதை வாசிப்பாள்.

"பாப்பா, நான் உன்ன அவங்க கையில குடுக்கல" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "எது?"

"அன்னிக்கு பீச்சுல. நான் விழவும் இல்ல. உன்ன விட்டுட்டு ஓடிட்டேன். அத்தைதான் தானா வந்து தூக்குனாங்க. அம்மாகிட்ட நான் சொன்னது பொய்."

"சார்" என்றார் அந்த அம்மா, தணிந்த குரலில்.

மகன் வாயைத் திறந்தபடி என்னையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தான். மகள் பேனா மூடியைத் தேடி எடுத்து மூடினாள்.

"எவ்ளோ தூரம் ஓடுனீங்க?"

"ஐஸ் வண்டி நிக்கும்ல, அத தாண்டி."

"அப்புறம்?"

"அப்புறம் உன் ஞாபகம் வந்துச்சு. திரும்பிப் பாத்தேன்."

"அதுவரைக்கும் வரலையா?"

"வரல."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன். அவள் ஒரு கணக்கின் விடையைச் சரிபார்ப்பதுபோல அத்தையைப் பார்த்தாள். "நெஜமா அத்தை?"

அந்த அம்மா ஜாடியைத் தட்டினார். "இவனும்கூட வலையில மாட்டிக்கினா எல்லாத்தையும் துப்பிருவான். மூச்சு முட்டும்ல. படகு பூரா முட்டையா உருளும்."

"அப்போ அந்த முட்டைங்கள என்ன பண்ணுவாங்க?"

"சில பேரு பொறுக்கிக் கடல்லயே போடுவாங்க. சில பேரு கொழம்புல போடுவாங்க."

"நீங்க?" என்றான் மகன்.

"கொழம்புலதான்டா. பின்ன?"

மகன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அடுத்த ஜாடிக்கு நகர்ந்தாள். அதற்குப் பிறகு அவள் எழுதவும் இல்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. நான் வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தேன். வந்ததிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தேன். ஆனால் உட்காரவும் முடியவில்லை. எழுந்து உள்ளே போய் அவர்கள் மூன்று பேரும் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி வந்தேன்.

சிதம்பரம் வரைக்கும் போய்விட்டுக் கோயிலுக்குப் போகாமல் வரக்கூடாது என்று மனைவி சொல்லியிருந்தாள். போனோம். நடை சாத்தியிருந்தார்கள். கீழ வீதியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோது மகள் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் என் அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தேன். வழக்கமாக அதற்குச் சண்டை போடுகிறவள், அதை எடுத்துத் தம்பி இலையில் வைத்தாள்.

கடலூர் பஸ்ஸில் பிள்ளைகள் இருவரும் முன்னால் ஒரே சீட்டில் இடம் பிடித்தார்கள். அந்த அம்மா நடைபாதைக்கு எதிர்ப்பக்கம் இருந்தார். பஸ் புறப்பட்டு வெகு நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"இத இப்போ எதுக்கு சார் சொன்னீங்க?"

"சொல்லாம இருக்க முடியல."

"உங்களுக்கு முடியல. நான் நாலு வருசமா பொத்திப் பொத்தி வெச்சிருந்தேன். உங்க வூட்டுப் படி ஏறும்போதெல்லாம், எங்க வாய் தவறி உளறிடப் போறமோன்னு பயம் எனக்கு. புள்ள 'அத்தை, அந்தக் கதையச் சொல்லுங்க'ம்பா. மீன அறுக்கறாப்புல குனிஞ்சிக்குவேன்."

இதை நான் யோசித்ததே இல்லை. என் பொய்யை நான் மட்டுமே சுமப்பதாக நினைத்திருந்தேன்.

"மன்னிச்சிக்கங்க" என்றேன்.

"எங்கூர்ல ஓடாத ஆம்பள யாரு சார்? என் வூட்டுக்காரரு ஓடுனாரு. நானும் ஓடித்தான் வந்தேன், வர்ற வழியில புள்ள கையில பட்டுச்சு, தூக்கினேன். அது இல்ல விஷயம். இப்போ வூட்டுக்குப் போய் புள்ள அது அம்மாகிட்ட சொல்லுமே, அவங்க என்னத்தான கேப்பாங்க? 'அக்கா, நீங்களுமா'ன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"அதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன்."

அவர் தலையை ஆட்டவில்லை. நம்பியது மாதிரியும் தெரியவில்லை. கடலூர் வருவதற்கு முன்பே, அவர் ஊருக்குத் திரும்பும் நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார். இறங்கும்போது மகள் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார்.

பஸ் நிலையத்திலிருந்து வீடுவரை நடந்தோம். மகன் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

"நான் அன்னிக்கு வந்திருந்தா என்னையும் விட்டுட்டு ஓடிருப்பீங்களாப்பா?"

"தெரியலடா."

"நான் உங்கள விட வேகமா ஓடிருப்பேன்" என்றான்.

"அப்போ உனக்கு மூணு வயசு" என்றாள் மகள், முன்னால் நடந்தபடி. பிறகு திரும்பாமலே கேட்டாள். "அம்மாகிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."

வழி முழுக்க முதல் வாக்கியத்தைத் தேடிக்கொண்டு வந்தேன். எல்லா வாக்கியமும் எனக்குச் சாதகமாகவே ஆரம்பித்தன. கூட்டம், இரைச்சல், யாருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று. அவை எதுவும் பொய்யில்லை. அதனால்தான் அவற்றைச் சொல்லப் பயமாக இருந்தது.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். மகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுறாத் தாடை, தும்மாத மீன், ஊறுகாய் ஜாடி என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். அவள் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"நீ ஏன்டி உம்முன்னு இருக்க? அத்தைகூட எதாவது சண்டையா?"

"இல்ல. அப்பா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னாரு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நான் சொல்வது சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கதவில் சாய்ந்து அங்கேயே நின்றாள். மனைவி சிரிப்பை முழுதாக விடாமல் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நான் கீழ விழல" என்றேன்.