வலி நின்ற பல்

அம்மாக்கண்ணுவின் வாயைத்தான் பல்லில் பூச்சி எடுக்க வரும் பூச்சிக்காரர் விளம்பரப் பலகையாக வைத்திருந்தார்.

கொட்டகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்குச் சம்பளம் போட்ட மறு ஞாயிறு வந்துவிடுவார். சுட்ட ஓட்டில் ஏதோ ஒரு விதையைத் தூவிப் புகையெழுப்பி, பப்பாளித் தண்டு வழியாகச் சொத்தைப் பல்லுக்குள் ஏற்றுவார். பிறகு சிரட்டைத் தண்ணீரில் மிதக்கும் வெள்ளைத் துணுக்குகளைக் காட்டி, "பாத்தீங்களா, இந்தப் பூச்சிதான் தின்னுச்சு" என்பார்.

அம்மாக்கண்ணு கடைவாய்ப் பல் வலியோடு மழைக்காலம் முழுக்கக் கொழுந்து பறித்தவள். தோட்டத்து மருந்துக் காம்பராவில் பனடோல் மட்டும்தான். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளமும் இல்லை. நோயைக் காட்டவே கூலியை இழக்க வேண்டிய இடத்தில் புகைக்காரன் பிழைக்காமல் என்ன செய்வான்?

புகை போட்ட சில நாளில் வலி நின்றது. அதிலிருந்து ஒவ்வொரு முறையும், "அம்மாக்கண்ணு, வாயத் தொறந்து காட்டுங்க!" என்று கூப்பிடுவார். லயத்து வரிசை வீடுகளெல்லாம் எட்டிப் பார்க்கும்.

"அக்கா வாய்க்குள்ள கோயில் கட்டியிருக்காங்க போல" என்று சிரிப்பார்கள். அவளுக்குப் பெருமைதான். பக்கத்து வீட்டு சர்மிளா அவள் பேச்சை நம்பி, பல் வலித்த மகளுக்குக் கிளினிக்கில் கொடுத்த தவணை நாளை விட்டுவிட்டுப் புகைக்குக் கூட்டிப்போனாள். பிள்ளைக்கும் வலி நின்றது.

பிறகு அம்மாக்கண்ணுவின் தாடை வீங்கியது. ஆஸ்பத்திரியில் டொக்டர் நிரோஜினி எக்ஸ்ரேயில் வேர்நுனியில் இருந்த கருநிழலைக் காட்டினார்.

"குணமாகி வலி நிக்கலைங்க. உள்ள இருந்த நரம்பு செத்துப்போச்சு. நரம்பு சும்மா வலிக்கிறதில்ல. ஆபத்துன்னு சொல்லி ரத்தத்துல உள்ள வெள்ளணுக்களைக் கூப்பிடுறதும் அதுதான். பல்லுக்குள்ள வீங்க எடமில்ல, அதான் அந்தக் குத்து. இப்ப கிருமி வேருக்குக் கீழ எறங்கிருச்சு. வெள்ளணுக்கள் மறிச்சு நிக்குது. அந்தச் சண்டையில எலும்பு கரையுது."

"பூச்சி?"

"பூச்சியே கெடையாதும்மா. அது வெதையோட துணுக்கு."

அவளுக்குத் தன் பல் நினைவில் இல்லை. சர்மிளாவின் பிள்ளை சிரித்த முகம்தான் வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

அந்த மாதச் சம்பளத்துக்கு மறு ஞாயிறு பூச்சிக்காரர் வந்து கூப்பிட்டார். அவள் முகத்தை மூடியிருந்த துவாயை எடுத்து, வீங்கிய தாடையை எல்லோருக்கும் காட்டினாள்.

"நான் சொன்னதெல்லாம் பொய்யி. நரம்பு செத்துத்தான் வலி நின்னுச்சு. சர்மிளா, புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ."

யாரும் சிரிக்கவில்லை. பூச்சிக்காரர் ஓட்டைக் கவிழ்த்தார்.

"ஏன்க்கா, எம்புள்ளைக்கு வலி நின்னப்ப நீங்கதானே கையப் புடிச்சுக்கிட்டுச் சந்தோசப்பட்டீங்க?" என்றாள் சர்மிளா.

மறுநாள் அம்மாக்கண்ணு காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகவில்லை. தாயோடும் மகளோடும் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள். சர்மிளா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வேறு சீட்டில் உட்கார்ந்தாள்.