முன் சீட்டில் மாமன் மடி

காரமடைக் கோயிலில் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்திவிட்டுக் கருமத்தம்பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் கார் ஓட்டினார். பக்கத்தில் என் அண்ணன், அவர் மடியில் சந்தனத் தலையோடு என் மகள். பின்னால் நான் மட்டும். அடம்பிடித்து நான் வாங்கிய குழந்தை இருக்கையில் அண்ணன் தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த வாழைப்பழச் சீப்புகள் பெல்ட் போட்டுக்கொண்டு சொகுசாக உட்கார்ந்திருந்தன.

காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். அது முறை. வீடு வந்து சேரும்வரை அங்கேயே இருக்க வேண்டும் என்பது அண்ணன் சேர்த்துக்கொண்டது.

கார் எடுத்த அன்று எல்லாரும் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் மும்முரமாக இருந்தார்கள். ஏர்பேக் பற்றி ஷோரூம் பெண் சொன்னதை நான் ஒருத்திதான் காதுகொடுத்துக் கேட்டேன். வண்டி பலமாக மோதியதும் சென்சார் அதை உணரும். உள்ளே சின்னதாக ஒரு வெடிப்பு. அதில் உண்டாகும் வாயு, கண்ணை மூடித் திறப்பதற்குள் பையை நிரப்பிவிடும். பெல்ட் போட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெரியவர் முன்னால் சாயும்போது, பை அவர் தலையையும் நெஞ்சையும் ஏந்திக்கொண்டு, ஓட்டைகள் வழியே காற்றை விட்டுத் தளரும். ஆனால் மடியில் இருக்கும் குழந்தையின் தலை, பை சீறிக்கொண்டு விரியும் இடத்திலேயே இருக்கும். பெரியவரைக் காப்பாற்றுகிற அதே வேகம் குழந்தையின் கழுத்தை முறித்துவிடும்.

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்தோம் என்று இரண்டு வருடம் எங்கள் வாசப்படி மிதிக்காதவர் என் அண்ணன். இந்தக் காதுகுத்துக்குத்தான் மனமிறங்கி வந்திருந்தார். கண்ணாடி வழியாகக் கணவர் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்காதே என்று அர்த்தம். எனக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணா, பாப்பாவப் பின்னால குடுங்ணா. முன்னால ஏர்பேக் இருக்குதுங்ணா."

"அதான் இருக்குதல்ல, அப்பறம் என்ன பயம் அம்மணி? நான் கெட்டியாப் புடிச்சிருக்கறேன்."

முன்னால் போன வண்டிகளில் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் என் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. மகள் எட்டி எட்டி டேஷ்போர்டைத் தட்டினாள். அந்த மூடிக்குள்தான் பை இருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில், "ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க!" என்று கத்தினேன். அந்தக் கத்தலிலும் மரியாதை குறையவில்லை, என்ன ஊரோ!

இறங்கிப்போய் முன்கதவைத் திறந்து மகளைத் தூக்கினேன். அண்ணன் முகம் சுண்டிவிட்டது.

"எம்மேல நம்பிக்கை இல்லியா அம்மணி?"

"உங்க மேல இருக்குதுங்ணா. அந்தப் பை மேலதான் இல்ல."

பழங்களை எடுத்துவிட்டு, அழுதவளை அவள் இருக்கையில் வைத்துப் பூட்டினேன்.

"அந்தப் பழத்தையாவது குடு. வெறும் மடியோட நான் வரமாட்டேன்" என்றார் அண்ணன். பெரிய சீப்பு ஒன்றை வாங்கி, அவளைப் பிடித்திருந்த மாதிரியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கார் விடாமல் கத்தும் என்பதால் பெல்ட்டை மட்டும் மாட்டியிருந்தார். இனி அண்ணன் வரவே மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

துடியலூர் வருவதற்குள் முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. கணவர் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்கவில்லை. பயங்கரச் சத்தம். உள்ளே புகைபோல் வெள்ளைத் தூள், பட்டாசு நாற்றம்.

மகள் வீறிட்டு அழுதாள். அவள் தலையை, கழுத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. கணவர், "எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

அண்ணன் மூக்கில் ரத்தம் வழிந்தது. மூக்குக்கண்ணாடி உடைந்திருந்தது. காற்றுப் போன பை அவர் முன்னால் தொங்கியது. அவர் குனிந்து மடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பழமும் முழுசாக இல்லை. தோல் கிழிந்து, சட்டையெல்லாம் கூழாக அப்பியிருந்தது.

"பாப்பா..." என்றார். குழந்தையை என்னிடம் கொடுத்ததையே அந்த நேரத்தில் மறந்துவிட்டார்போல.

"இங்க இருக்கறாங்ணா. எங்கிட்டத்தான் இருக்கறா."

அவருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டித் துழாவினார். மகளின் பாதத்தை அந்தக் கையில் கொண்டுபோய் வைத்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் அதை விடவில்லை.