மீசை போய்த் தொங்கிய இடம்

என் மனைவி என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மேடை ஏற ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே வெறி அதுதான். ராக் பாட்டை நையாண்டியாக வாசிக்கிற குழு எங்களுடையது. பட்டு வேட்டி, கூலிங் கிளாஸ், தேங்காய் நாரில் செய்த முழ நீள மீசை. நான் பாடுவேன், குதிப்பேன், கீழே விழுவேன். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். முன்வரிசையில் அவள் மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கேட்டால், "நல்லாதான் இருந்துச்சு" என்பாள்.

போன குடியரசு தினத்தையொட்டி மயிலாப்பூரில் ஒரு சபாவில், ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களின் பாடகர் குழுவோடு சேர்ந்து பாடக் கூப்பிட்டார்கள். பெரியவர்கள் எல்லோரும் கோட்டு, தொப்பி, நெஞ்சு நிறையப் பதக்கம். ஒத்திகையிலேயே அவர்களுடைய தலைவர் சொல்லிவிட்டார்: "பாட்டு முடிஞ்சு நான் ஆர்டர் குடுக்குற வரைக்கும் எங்க ஆளுங்க அசைய மாட்டாங்க. கொசு கடிச்சாலும் சரி." எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. மரம் மாதிரி நிற்கிறவர்களுக்கு முன்னால் குதித்தால் நான் இன்னும் எடுப்பாகத் தெரிவேன் என்று கணக்குப் போட்டேன்.

அவர்களுடைய அணிவகுப்புப் பாட்டை எங்கள் கிடாரோடு சேர்த்துப் பாடினோம். நடுவில் நான் தலையைச் சுழற்றி ஆடியபோது, வியர்வையில் பசை விட்டு மீசை பறந்தது. ஒல்லியான ஒரு பெரியவரின் பதக்கங்களில் போய்த் தொங்கியது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கண்கள் நேராக, அடித்தொண்டையில் தாய்நாட்டைப் பாடிக்கொண்டே இருந்தார். அவர் மூச்சு இழுக்கும்போதெல்லாம் மீசை ஏறி இறங்கியது.

சபா அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு சிரிப்பு எனக்குத் தனியாகக் கேட்டது. என் மனைவி. கைப்பை கீழே கிடந்தது. தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டு அம்மாள்மேல் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது, ஆர்டர் வந்தது. பெரியவர் மீசையை எடுத்து, உதறி, என்னிடம் நீட்டி ஒரு சல்யூட் வைத்தார். அதற்கும் கைத்தட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா மச்சி, மனுசன் சும்மா நின்னுகினே உன்ன தூக்கி சாப்ட்டாரே" என்றான் டிரம்ஸ் வாசிக்கிறவன். வெளியே அவரோடு செல்ஃபி எடுக்க ஒரு வரிசை. அதில் என் மனைவியும் நின்றாள். செல்ஃபிக்கும் அந்த மனிதர் அட்டென்ஷனில்தான் நின்றார்.

மேற்கு மாம்பலம் திரும்பும் வழியெல்லாம், வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவள் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாள். பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"என்னைப் பார்த்து ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்கியா?"

"உங்களைப் பார்த்து எப்படிங்க சிரிக்கிறது? யாரும் சிரிக்காம போயிட்டா உங்க மூஞ்சி என்ன ஆகுமோன்னு எனக்குப் பயமாவே இருக்கும். அவரு யாரோ. அதான் சிரிப்பு வந்துச்சு."

இதைவிட அன்பாக ஒருத்தி பேச முடியாது. எனக்கும் அது தெரிந்தது. ஆனாலும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. தி. நகர் சிக்னலில் நெஞ்சை நிமிர்த்தி, கண்களை நேராக வைத்து, அந்தப் பெரியவரைப் போலவே அசையாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

"பச்சை விழுந்து எவ்ளோ நேரமாச்சு, போங்க" என்றாள்.