இரண்டு பேருக்கு ஒரு பெயர்

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷமாக ஊரார் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவளை, அவள் பெயரைச் சொல்லி அங்கே யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் ரிஜிஸ்டர் அக்கா. அவளுக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. தன் பெயரைத் தன்னுடையது என்று அவள் நினைத்ததே இல்லை.

அபூர்வமான பெயர். ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் முதல் எழுத்தை அழுத்துவார், இன்னொருவர் பாதியை விழுங்கிவிடுவார். வீட்டில் அம்மா ஒரே வெட்டாக, குறுக்கிக் கூப்பிடுவாள். ஆனால் ஒன்பது வயதில் ஒரு மத்தியானம், சாத்திய கதவுக்குப் பின்னால் அம்மா அதே பெயரைக் கடைசி எழுத்தை இழுத்து இழுத்துச் சொல்லி அழுவது கேட்டது. "என்னம்மா?" என்று ஓடிப்போய் நின்றாள். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்னைக் கூப்பிடலடி, போ, போய் விளையாடு" என்றாள்.

சித்திதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். "உனக்கு முன்னாடி ஒரு அண்ணன் பொறந்தான்டி. பதினோரு நாள்தான் இருந்தான். அவனைத்தான் கூப்பிடுறா."

அவ்வளவுதான். செத்துப்போனவன் சட்டையை எடுத்துத் தனக்கு மாட்டிவிட்டார்கள் என்று அந்த வயதிலேயே முடிவு கட்டிவிட்டாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிடிவாதத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பத்தாறு வருஷம் கேட்காமலே இருந்தாள். அம்மா படுக்கையில் விழுந்த பிறகு வேளாவேளைக்கு மருந்து கொடுத்தாள், முதுகு துடைத்துவிட்டாள். ஒரு குறை வைக்கவில்லை, ஆனால் ஒட்டவும் இல்லை.

இந்த இரண்டு வருஷமாக அந்தப் பெயருக்கு என்ன யோகம் வந்ததோ, போன மாதம் மட்டும் ஏழு பிள்ளைகளுக்கு வைத்துவிட்டார்கள். "யாருமே வெக்காத பேருங்க" என்று ஒருவர் பெருமையாகப் படிவத்தை நீட்டுவார். வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்பவர் கையிலும் அதே பெயர் இருக்கும். "இதை எப்படிங்க சொல்லணும்? இழுக்கணுமா, குறுக்கணுமா?" என்று ஓர் இளம் தகப்பன் கேட்டான். "உங்க பிள்ளை, உங்க வாய்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினாள்.

அப்போதுதான் பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அவள் தலையில் விழுந்தது. அண்ணன் பிறந்த வருஷத்துப் பதிவேட்டை மூன்று வாரம் மேஜைக்கடியில் தள்ளியே வைத்திருந்தாள். தன் பெயரை இன்னொருவன் பெயராகத் தன் கையாலேயே தட்ட வேண்டுமே என்ற பயம். மேலதிகாரி இரண்டு தடவை கேட்டுவிட்டார். வேறு வழியில்லாமல் திறந்தாள்.

அப்பா பெயர் இருந்தது. அம்மா பெயர் இருந்தது. ஆண் குழந்தை. குழந்தையின் பெயர் எழுதும் கட்டம் காலியாக இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் இறந்த தேதி மட்டும்.

அவள் எழுந்துபோய்த் தான் பிறந்த வருஷத்துப் பதிவேட்டையும் எடுத்து வந்தாள். பிறந்த மறுநாளே பெயர் எழுதப்பட்டிருந்தது. அத்தனை அவசரமாக யாரும் பெயர் பதிய வருவதில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

அன்று சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

"அம்மா, அண்ணனுக்கு என்ன பேரு வெச்சே?"

அம்மா அவளையே பார்த்தாள். "வெக்கலயேடி. நல்ல பேரா பாத்து வெக்கலாம்னு நாளைத் தள்ளிட்டோம். அதுக்குள்ள போயிட்டான். சொல்லி அழக்கூட ஒரு பேரு இல்ல."

"அப்ப என் பேரு?"

"அது உனக்குன்னு வெச்சது. இன்னொரு தடவை தள்ளக் கூடாதுன்னு நீ பொறந்த மறுநாளே உங்கப்பாவ விரட்டி எழுதச் சொன்னேன். ஆம்பளப் பிள்ளைக்கும் பொருந்துற பேரா இருந்துச்சா... அவனுக்கும் கொஞ்சம் குடுத்துட்டேன். உன்னை ஒரு வார்த்தை கேக்கல. கோவமாடி?"

தான் இரவல் வாங்கியவள் என்று இத்தனை வருஷம் முறுக்கிக்கொண்டிருந்தாள், உண்மையில் அண்ணனுக்கு இரவல் கொடுத்தவளே அவள்தான். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அவனைக் கூப்பிடுற மாதிரி ஒரு தடவை கூப்பிடும்மா."

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, கடைசி எழுத்தை நீள இழுத்துக் கூப்பிட்டாள்.

"என்னம்மா?" என்றாள் மகள். இந்தத் தடவை அம்மா அவளைப் போகச் சொல்லவில்லை.