மூன்றாம் மாடியில் பிடித்த காற்று

ஜொவிட்டாவுக்கு நாற்பத்து மூன்று வயதில் காது மங்கத் தொடங்கியது. முதலில் குக்கர் விசில் போனது. அப்புறம் காலையில் கூவும் குயில். ஐம்பதைத் தாண்டியபோது இரண்டு காதிலும் கருவி வைத்துக்கொண்டால்தான் எதிரில் இருப்பவர் பேசுவது புரியும் என்றாகிவிட்டது. கருவியைத் தலைமுடிக்குள் மறைத்துக்கொள்வாள். யாரிடமும் அதைப் பற்றிச் சொன்னதில்லை.

அடையாற்றில் ஒரு சின்ன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. "மூச்சை இழுத்துப் புடிங்க, ஆடாம நில்லுங்க" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுவாள். பதில் சொல்லத் தேவையில்லாத வாசகம் என்பதால் வேலைக்குக் குறைவு வரவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. சாந்தோமில் மூன்றாம் மாடி வீடு. கம்பிவலை போட்ட பால்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு புடவை அகலத்துக்குக் கடல் தெரியும். அதை மறைத்தும் மறைக்காமலும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம்.

தம்பி டெரன்ஸ் மஸ்கட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். போனில் அவன் குரல் அவளுக்குச் சரளைக்கல் கொட்டுவதுபோல் ஆனதிலிருந்து இருவரும் பேசுவதை விட்டுவிட்டு, படங்கள் அனுப்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவன் கப்பல்களை அனுப்புவான். அவள் மீன், மழை, தேர்ப்பவனி என்று அனுப்புவாள். அதற்காகவே ஒரு நல்ல கேமராவை நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். 2016 டிசம்பரில், வர்தா புயல் கரையைக் கடப்பதற்கு முந்தின நாள் அவனிடமிருந்து செய்தி வந்தது: "நம்ம ஊர் காத்தைப் பாத்து எவ்ளோ நாளாச்சு. படம் புடிச்சு அனுப்பு அக்கா."

திங்கட்கிழமை காலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. ஈரம் பட்டால் கருவி கெட்டுவிடும் என்று ஜொவிட்டா இரண்டையும் கழற்றி டப்பாவில் வைத்து மூடினாள். பிறகு கேமராவுடன் பால்கனிக் கதவருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள்.

ஊரே கிடுகிடுத்துப்போன அந்தப் புயல் அவளுக்கு ஓசையில்லாமல்தான் வந்தது. மரத்தின் கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, நீருக்கடியில் பாசி அலைவதுபோல் அலைந்தன. ஒரு தகரக் கூரை காகிதம் போலப் பறந்து எதிர்வீட்டு மாடிக்கு மேல் நிதானமாகப் புரண்டு போனது. மழை கீழே விழவில்லை. படுத்தபடியே வடக்கிலிருந்து தெற்கே ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் சாய்ந்தபோது மட்டும் முதுகுக்குள் ஒரு நடுக்கம் புகுந்து பல் வரைக்கும் ஏறியது. பயம் வரவில்லை. பாதி விழித்த மத்தியானக் கனவுக்குள் உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

எடுத்த படங்களைப் பார்த்தாள். வெறும் சாம்பல் நிறம். மரம் கலங்கித் தெரிந்தது, அவ்வளவுதான். முப்பது படங்களில் ஒன்றில்கூடக் காற்று இல்லை.

அப்போது வாசற்கதவின் சங்கிலி துள்ளியது. காற்று என்றுதான் நினைத்தாள். ஆனால் காற்று மூன்று மூன்றாக விட்டுவிட்டுத் தட்டாதே என்று தோன்றவே எழுந்துபோய்த் திறந்தாள்.

இரண்டாம் மாடி சண்முகவடிவு நின்றிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கணவர் நல்லசிவத்துக்கு தி.நகரில் புடவைக் கடை. அவர் காலையில் கடைக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். நெஞ்சோடு ஒரு புடவை மூட்டையை அணைத்திருந்தாள். தலை நனைந்து சொட்டியது.

"எவ்வளவு நேரமா தட்டுதேன்! ஜன்னல் கண்ணாடி உடைஞ்சு வீடெல்லாம் தண்ணி. காது கேக்கலியா உங்களுக்கு?"

ஜொவிட்டா அவள் உதட்டைப் படித்தாள். முதல் முறையாக அதைச் சொன்னாள்.

"ஆமாங்க. கேக்காது."

சண்முகவடிவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மெல்ல அசைந்தது. "நாலு வருசமா மாடிப்படில பின்னால இருந்து கூப்பிடுதேன். திரும்பியே பாக்க மாட்டீங்க. ராங்கிக்காரின்னு நெனச்சு பேச்சையே விட்டுட்டேனே, ஏ அம்மா..."

"தப்பு என்னுதுதான். சொல்லிருக்கணும். உள்ள வாங்கக்கா."

துண்டு கொடுத்தாள். சண்முகவடிவு தலையைத் துவட்டுவதை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். உடம்பு நடுங்கியது. ஜொவிட்டா அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"சத்தம் எப்டிக்கா கீது?"

சண்முகவடிவு யோசித்தாள். யோசிக்க யோசிக்க நடுக்கம் குறைந்தது. "எங்கப்பா தறிக்காரரு. நூறு தறி ஒண்ணா ஓடுத சத்தம். நடுவுல ஒருத்தி சீட்டி அடிக்கா. இப்ப நிப்பாட்டிட்டா... திரும்பவும் அடிக்கா."

ஜொவிட்டா கண்ணை மூடி அதைக் கேட்டாள். பிறகு கேமராவை நீட்டித் தன் படங்களைக் காட்டினாள். சண்முகவடிவு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இதுல தண்ணிதான இருக்கு. காத்து எங்க?"

"அதான்க்கா தெரியல."

சண்முகவடிவு மூட்டையைப் பிரித்தாள். பொங்கலுக்கென்று வீட்டில் வைத்திருந்த சுங்குடிச் சேலைகள். அதில் சாயம் ஓடிப்போன மஞ்சள் சேலை ஒன்றை உருவி, ஒரு நுனியைப் பால்கனிக் கம்பியில் இரட்டை முடிச்சாகப் போட்டு, மீதியைக் கம்பிவலைக்கு வெளியே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினாள். காற்று பிடுங்கிக்கொண்டது. ஐந்தரை மீட்டர் மஞ்சளும் தெற்கு நோக்கி விறைத்து நின்றது. சாம்பல் நிற ஊருக்கு நடுவே அது ஒன்றுதான் நிறம். ஜொவிட்டா எடுத்துக்கொண்டே இருந்தாள்.

சேலைக்குப் பின்னால் தூங்குமூஞ்சி மரம் மெல்லச் சரிந்தது. அசதியில் ஒருவர் ஒருக்களித்துப் படுப்பது போல. சண்முகவடிவு அலறியிருக்க வேண்டும். ஜொவிட்டாவின் கையை இறுகப் பற்றினாள். அந்தப் படத்தை எடுக்க ஜொவிட்டாவுக்குத் தோன்றவில்லை. மரம் இருந்த இடத்தில் திடீரென்று கடல் முழுசாக நின்றது.

மத்தியானத்துக்கு மேல் எல்லாம் நின்றுபோனது. சேலை நேராகத் தொங்கியது. வெளிச்சம் வெல்லப்பாகு நிறத்தில் இறங்கியது. கீழே காக்கைகள் பறக்காமல் தெருவில் நடந்துகொண்டிருந்தன. தொங்கிய சேலையை ஜொவிட்டா ஒரு படம் எடுத்தாள்.

"முடிஞ்சுட்டு. வீட்டைப் போய்ப் பாக்கேன்" என்று சண்முகவடிவு எழுந்தாள்.

ஜொவிட்டா அவள் முழங்கையைப் பிடித்தாள். "போவாதீங்க. இது புயலோட நடுவு. பேப்பர்ல போட்டிருந்தான். இன்னொரு பாதி கீது."

கதவைத் தாழிட்டு இருவரும் பால்கனியையே பார்த்தபடி நின்றார்கள். சேலையின் முந்தானை முதலில் ஒருமுறை சிலிர்த்தது. பிறகு வடக்குப் பக்கமாகத் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து, முன்பு நின்றதற்கு நேர் எதிராக நீண்டது. காலையில் போன காற்று திரும்பி வந்துவிட்டது. ஜொவிட்டா அதையும் படம் எடுத்தாள். சற்று நேரத்தில் துணி கிழிந்து, மயிலாப்பூர் வீடுகளுக்கு மேல் ஒரு மஞ்சள் கீற்றாகப் போய்க் கரைந்தது.

நல்லசிவம் மறுநாள், விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி நடந்தே வீடு வந்து சேர்ந்தார். மின்சாரம் வர நாலு நாள் ஆயிற்று. வந்ததும் ஜொவிட்டா சேலை தெற்கே பறந்தது, நேராகத் தொங்கியது, வடக்கே பறந்தது என்று மூன்று படங்களை மட்டும் பொறுக்கி அனுப்பினாள். பொழுதெல்லாம் கிரேன் உச்சியில் காற்றோடு மல்லுக்கட்டும் டெரன்ஸ் எழுதினான்: "முதல் படம் வடக்குக் காத்து, மூணாவது தெக்குக் காத்து. ரெண்டாவது படத்தைத்தான் ரொம்ப நேரம் பாத்தேன். சூப்பர்வைசர் வந்து கூப்பிட வேண்டியதாப் போச்சு."

அடுத்த வாரம் மருத்துவமனையில் ஜொவிட்டா தலைமுடியைத் தூக்கி முடிந்துகொண்டு போனாள். கருவிகள் எல்லோருக்கும் தெரிந்தன. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எக்ஸ்ரேவுக்கு வந்த ஒரு பெரியவர் மட்டும், "எனக்கும் இப்டித்தாம்மா, எங்க வாங்குன?" என்று கேட்டார்.

மரம் போனதில் வெயில் நேராக வீட்டுக்குள் வந்தது. சாயங்காலக் கடற்காற்றும் தடையில்லாமல் வந்தது. இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. ஜொவிட்டா ஓய்வு பெற்றுவிட்டாள். இரண்டாம் மாடியில் புழுக்கம் தாங்கவில்லை என்று வடிவக்கா மூன்று மணி வாக்கில் தலையணையோடு ஏறி வந்து, பால்கனி ஓரம் பாய் விரித்துத் தூங்குவாள். குறட்டை பலமாக இருக்கும் என்று நல்லசிவம் எச்சரித்திருக்கிறார். அதனாலென்ன என்று ஜொவிட்டாவும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள்.