ஓரப்பாதை திறப்பவள்

நகரத்துக்குள் வரும் நெடுஞ்சாலைக்குத் தினமும் காலை ஏழரை மணிக்கு மூச்சு முட்டும். ஆளுக்கொரு காரில் ஏறி வந்து, நாலு வரிசையிலும் நின்றுகொண்டு, முன்னால் நிற்பவனைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் மட்டும், பழுதான வண்டிகள் ஒதுங்குவதற்காகச் சாலையோரம் விட்டிருக்கும் ஒற்றை வரிசையைப் பேருந்துகளுக்குத் திறந்துவிடுவார்கள். ஓரப்பாதை என்று பெயர். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து அதைத் திறப்பவள் ஒரு பெண். அவள் முன்னால் பதினோரு திரைகள் இருந்ததால் ஓட்டுநர்கள் அவளைப் பதினோரு கண்ணக்கா என்பார்கள். ஒயர்லெஸ்ஸில் குரலைக் கேட்டதோடு சரி, முகத்தைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

வேலையில் கம்பசூத்திரம் ஒன்றும் கிடையாது. பதினோரு கேமராவையும் வரிசையாகப் பார்க்க வேண்டும். ஓரத்தில் எந்த வண்டியும் நிற்கவில்லையென்றால், "ஒண்ணு காலி, ரெண்டு காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அறையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் சொல்ல வேண்டும், அதுதான் விதி. பதினொன்றும் முடிந்து பொத்தானை அழுத்தினால், சாலைக்கு மேலே தொங்கும் பலகைகளில் பச்சை அம்பு எரியும். ஒன்பது வருடப் பழக்கம். தூக்கத்தில்கூட ஒண்ணு காலி சொல்கிறாள் என்று கணவர் கேலி செய்வார். அவளுக்கோ அதில் பெருமை தாங்காது. தோழியின் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகிறேன் என்ற மகளை, "பேசாம பஸ்ல போ. உனக்கு வழி விடறதே உங்கம்மாதான்" என்று அடக்கி, ஏழு இருபது பேருந்தில் ஏற்றிவிட்டிருந்தாள்.

அன்றைக்கும் பதினொன்று வரை சொல்லி, ஏழு நாற்பதுக்குப் பச்சை போட்டாள். போட்டுவிட்டு டீக்குக் கையை நீட்டும்போதுதான் ஏழாவது திரையில் கண் நின்றது. நீலத் தார்ப்பாய் போட்ட லாரி ஒன்று அங்கே நின்றிருந்தது. நெரிசலில் லாரி நிற்பது அதிசயமா என்ன? ஆனால் ஆறிலும் எட்டிலும் வண்டிகள் ஆமை வேகத்திலாவது ஊர்ந்துகொண்டிருந்தன. இவன் மட்டும் ஏன் அசையவில்லை?

திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஏழாவதில் அது ஓடவில்லை. 7:31:08. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நாற்பத்து மூன்று. படம் உறைந்துபோய்ப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. நெரிசல் நேரத்தில் உறைந்த சாலைக்கும் உண்மையான சாலைக்கும் வித்தியாசம் தெரியாது. செத்த படத்தைப் பார்த்து "ஏழு காலி" என்று அவள் மணியாகச் சொல்லியிருந்தாள்.

நாலாவது திரையில் முதல் பேருந்து தாண்டிக்கொண்டிருந்தது. அதன் நெற்றிப் பலகையில் அறுபத்திரண்டு. அவள் மகள் ஏறும் வண்டி. அது ஏழாவது கேமராவின் வளைவுக்குப் போக ஒன்றரை நிமிடம் ஆகும்.

சிவப்புப் பொத்தானில் கையை வைத்து அறைந்தாள். ஒயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"அறுபத்திரண்டு, நிறுத்துங்க. அறுபத்திரண்டு, கேக்குதா?"

இரைச்சல்தான் வந்தது. வளைவுக்கு முன்னால் மேம்பாலத்துக்கு அடியில் குரல் போகாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பத்து மனு எழுதியாயிற்று. ஆறாவது திரையில் பேருந்து நுழைந்தது. கடந்தது. ஏழாவதில் அதே சுத்தமான ஓரம், அதே லாரி. எட்டாவதில் வர வேண்டும். வரவில்லை.

இருபது விநாடி. நாற்பது. எட்டாவது திரையில் ஓரம் வெறுமையாகவே இருந்தது. கைப்பேசி வாசலில் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. எழுந்து போனால் ஒயர்லெஸ்ஸுக்கு ஆள் இல்லை. வாய் தன்பாட்டுக்கு எட்டு, எட்டு என்று முணுமுணுத்தது. ஓரத்தில் ஒரு வண்டி நின்றிருந்தால்? வண்டிக்குப் பின்னால் யாராவது குனிந்திருந்தால்? அவள் பெண் எப்போதும் ஓட்டுநருக்குப் பக்கத்தில், கண்ணாடியை ஒட்டித்தான் நிற்பாள்.

இரண்டு நிமிடம் கழித்துக் குரல் வந்தது.

"அக்கா, அறுபத்திரண்டு. நிக்கறேன்."

"என்னாச்சு?"

"ஓரத்துல ஒரு கார். ஒருத்தர் குனிஞ்சு டயர் மாத்திட்டிருந்தாரு. ஒரு அம்மா கைக்குழந்தையோட பின்னாடி நிக்கறாங்க."

"யாருக்காவது..."

"இல்லக்கா. கை நீட்டினா தொடற தூரம்."

அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். விவரம் கேட்டு வந்த மேலாளர், "கேமரா கோளாறுன்னு ஒரு வரி எழுதிடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதினாள். பொய் இல்லை. நெரிசல் அடங்கியதும் கைப்பேசிப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது மகளின் செய்தி இருந்தது: 'சடன் பிரேக். கம்பியில மண்டை இடிச்சுது. கிளாஸுக்கும் லேட். உன் பாதையை நீயே வச்சுக்கோ.' அதைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதாள்.

வேலை முடியும் நேரத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி மாடியேறி வந்தார். வழுக்கைத் தலை, காக்கிச் சட்டை. அறுபத்திரண்டின் ஓட்டுநர் என்று குரலை வைத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

"அக்கா, உங்களை ஒரு தடவை நேர்ல பாக்கணும்னு வந்தேன். பச்சையைப் பாத்துட்டுத்தான் வந்தேன். அடுத்த பலகை வளைவுலதான், பாத்தா சிவப்பு. கால் தானா பிரேக்குக்குப் போச்சு. அறுபது பேரு. நீங்க மட்டும் அந்தக் காரைப் பாக்கலேன்னா..."

சரி என்று சிரித்து வைத்திருக்கலாம். மேலாளரும் வழிசெய்து கொடுத்திருந்தார். ஆனால் ஓட்டுநரின் கண் கலங்கியிருந்ததை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"நான் காரைப் பாக்கலீங்க. படம் நின்னு போயிருந்தது. மூலையில மணியைப் பாக்காம நானே தொறந்துவிட்டேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"நாளைக்கு யாரு டியூட்டி?"

"நான்தான்."

"அப்ப நான் மெதுவாத்தான் வருவேன்க்கா. பச்சை எரிஞ்சாலும்." சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் அவளைக் குத்தியது.

மறுநாள் ஏழாவது படம் சரியாகியிருந்தது. ஆனாலும் ஒவ்வொரு திரையிலும் விநாடி ஓடுகிறதா என்று விரல் வைத்துப் பார்த்தாள். பதினொன்று முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். ஓட்டுநர்கள் ஒயர்லெஸ்ஸில், "அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பொத்தான்மேல் விரல் இருந்தது, அழுத்த வரவில்லை. மூன்றாவது தடவையும் பார்த்த பிறகு அழுத்தினாள்.

சொன்னபடியே அறுபத்திரண்டு உருண்டு உருண்டு வந்தது. பக்கத்து வரிசைக் கார்கள்கூட அதைத் தாண்டிப் போயின. உள்ளே அவள் பெண் நின்றிருப்பாள், அம்மாவைத் திட்டிக்கொண்டு. ஆறில் நுழைந்து, ஏழில் வளைந்து, எட்டில் வெளியே வரும்வரை அவள் இமைக்கவில்லை. அதற்குப் பின்னால் இன்னும் நாற்பது பேருந்துகள் வரிசையில் இருந்தன.